வானம் நம் நேரத்துக்கு வராது

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். இந்தக் கூட்டம் முடிந்ததும் நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை தெரிந்ததால், சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வான்நோக்கு என்ற பொழுதுபோக்கு தருகிற இன்பத்துக்கும் அதில் நாம் படுகிற அவதிக்கும் காரணம் ஒன்றுதான். வானம் நம் நேரத்துக்கு வராது. மேகத்தை விலக்கச் சொல்ல முடியாது, கிரகணத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியாது. நாம்தான் அதன் நேரத்துக்குப் போக வேண்டும். அப்படிப் போகப் பழகிய மனிதருக்குப் பொறுமையும் கூர்மையும் தாமாக வந்து சேர்கின்றன. அந்த மனிதர் நம் ஊரிலிருந்தும் உருவாக முடியும் என்று நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் ஊர் என்றால் சிப்காட், உருக்காலைகள், ரோலிங் மில்கள், ஜி.என்.டி. சாலையில் வரிசைகட்டும் லாரிகள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனால் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு கிளம்பியது அங்கிருந்துதான். 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களோடு பி.எஸ்.எல்.வி. சி-60 கிளம்பியதும் அங்கிருந்துதான். ராக்கெட் ஏறுகிற நாளில் இந்தப் பகுதியில் மொட்டைமாடிகள் நிரம்பிவிடும். தீப்பிழம்பு மேலேறி மறையும்வரை சில நிமிடங்கள் அண்ணாந்து பார்ப்போம். பிறகு கீழே இறங்கிவிடுவோம்.

நான் குறிப்பிட்ட அந்த டிசம்பர் இரவு அமாவாசை. பத்து மணிக்கு வியாழன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக இருந்தது. தென்கிழக்கில் மிருகசீரிடமும் திருவாதிரையும் ஏறி நின்றன. கிழக்கில் செவ்வாய் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது. பூமிக்கு மிக அருகில் வருகிற காலத்தைச் செவ்வாய் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இன்னும் பத்து நிமிடம் மாடியில் நின்றிருந்தால் போதும். ராக்கெட்டுக்காக அண்ணாந்த கழுத்தை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள் என்று கேட்பதுதான் இந்தப் பேச்சின் முதல் வேண்டுகோள்.

முதலில் இன்பங்கள்.

கும்மிடிப்பூண்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 13.4 டிகிரியில் இருக்கிறது. வான்நோக்குபவருக்கு இது பெரிய வாய்ப்பு. துருவ நட்சத்திரம் எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சரேகை அளவுக்குத்தான் தொடுவானத்துக்கு மேலே நிற்கும். ஆகவே நமக்கு அது ஆரம்பாக்கம், தடா திசையில் 13 டிகிரி சொச்சம் உயரத்தில் தாழ்வாகத் தெரியும். கையை முன்னால் நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே பார்த்தால் துருவ நட்சத்திரம். இங்கே வேலைக்கு வந்திருக்கிற பீகார்த் தோழர்கள் தங்கள் ஊரில் அதை இரண்டரை முஷ்டி உயரத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். பாட்னாவின் அட்சரேகை 25.6 டிகிரி. வித்தியாசம் 12 டிகிரிக்கு மேல். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால், ஒருவர் தம் ஊரை விட்டு ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் தெற்கே வந்திருக்கிறார் என்று கிடைக்கிறது. ரயில் டிக்கெட்டும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம். ஒரு நட்சத்திரமும் ஒரு முஷ்டியும் போதும். தன் கையால் பூமியை அளந்துவிட்டோம் என்ற அந்த நிறைவை ஒருமுறை அனுபவித்தவர் இந்தப் பொழுதுபோக்கை எளிதில் விடமாட்டார்.

வடக்கில் துருவம் தாழ்ந்த அளவுக்குத் தெற்கு வானம் நமக்குத் திறந்திருக்கிறது. அகத்திய நட்சத்திரம் மாசி மாத முன்னிரவில் தெற்கே சுமார் 24 டிகிரி உயரம் வரை எழும்புகிறது. சித்திரை, வைகாசி இரவுகளில் தென்சிலுவை முழுதாகத் தெரியும். அதற்குக் கிழக்கே ஆல்பா சென்டாரி, சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி, 4.37 ஒளியாண்டு தொலைவில். டெல்லியில் அது தொடுவானத்தை ஒட்டியே போய்விடும், லண்டனில் ஒருபோதும் உதிக்காது. நாமோ 16 டிகிரி உயரத்தில் காண்கிறோம். இன்னும் மேலே ஒமேகா சென்டாரி. இருண்ட வானில் கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி, பைனாகுலரில் பஞ்சுத் துணுக்கு, ஆறு அங்குலத் தொலைநோக்கியில் எண்ண முடியாத பொடி நட்சத்திரங்களின் குவியல். 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி சூரியன்கள் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆர்வலர்கள் பலர் இதைப் பார்ப்பதற்கென்றே தெற்கு நோக்கிப் பயணம் செய்கிறார்கள்.

பகலிலும் நமக்கு ஒரு காட்சி உண்டு. ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. மதியம் பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் நேராக நிற்கிற கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்று தமிழ்நாட்டு அறிவியல் இயக்கத்தினர் பள்ளிகளில் இதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறார்கள். கடக ரேகைக்கு வடக்கே உள்ள டெல்லிக்கு இந்த நாள் கிடையவே கிடையாது.

இப்போது தொலைநோக்கிக்கு வருகிறேன். முதல் கருவியாகப் பைனாகுலரையே சொல்வேன். 50 மில்லிமீட்டர் வாயுள்ள பைனாகுலர் நம் கண்ணைவிடச் சுமார் 50 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. கையை எதன்மேலாவது ஊன்றி ஆடாமல் பிடித்தால், 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகள் தெரியும். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள், அவை இடம் மாறியிருக்கும். எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற நம்பிக்கையை அசைத்த சாட்சியம் இது. அதை எந்த ஆசிரியர் சொல்லியும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, உங்கள் கண்ணே சாட்சி. நிலவைப் பார்ப்பதாக இருந்தால் பௌர்ணமியைத் தவிர்த்து அஷ்டமியில் பாருங்கள். வெளிச்சமும் இருளும் சந்திக்கிற கோட்டை ஒட்டி மலைகளின் நிழல் நீளமாக விழுந்து, பள்ளங்களின் ஆழம் கண்ணில் நிற்கும். சனியின் வளையத்தைக் காண 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியே போதும். 2025 மார்ச்சில் வளையம் பக்கவாட்டில் திரும்பி மெல்லிய கோடாகிவிட்டது. இனி ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போய் 2032-ஐ ஒட்டி முழு அகலத்தில் தெரியும். சனி சூரியனைச் சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்த வளையம் விரிவதையும் சுருங்குவதையும் தொடர்ந்து பார்த்தால், ஒரு கோளின் ஆண்டு எவ்வளவு நீளம் என்பது நம் வயதோடு சேர்ந்து புரியும்.

காலம் என்றதும் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு பெருமை நினைவுக்கு வருகிறது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். பிற்கால ஆய்வுகள் அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று கணித்திருக்கின்றன. ஆண்ட்ரோமெடா அண்டத்திலிருந்து இன்றிரவு நம் கண்ணை வந்தடையும் ஒளி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. அத்திரம்பாக்கத்துக் கல்லை ஒரு மூதாதை உடைத்துக் கூராக்குவதற்குப் பத்து லட்சம் ஆண்டு முன்பே அது வழியில் இருந்தது. ஜனவரி மாத முன்னிரவில் மேற்கு வானில் ஆண்ட்ரோமெடாவின் மங்கல் புகையைப் பைனாகுலரில் பிடிக்கும்போது, இந்தக் கணக்கு மனதில் ஓடினால் உடம்பு சிலிர்க்கும்.

அவதிகளையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் முதல் மாதத்திலேயே தொலைநோக்கி பரண்மேல் போய்விடும்.

முதல் அவதி ஏமாற்றம். புத்தகத்தில் பார்த்த நெபுலாவின் சிவப்பும் நீலமும் தொலைநோக்கியில் தெரியாது. அவை கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்துத் தந்த நிறங்கள். மங்கிய ஒளியில் வேலை செய்கிற நம் கண்ணின் செல்களுக்கு நிறம் தெரியாது, சாம்பல் மட்டுமே தெரியும். இதோடு கடைக்காரரின் விளம்பரமும் சேர்ந்துகொள்கிறது. 60 மில்லிமீட்டர் தொலைநோக்கிப் பெட்டியின்மேல் 500 மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு மடங்குதான் பயனுள்ள உச்சவரம்பு. 60 மில்லிமீட்டருக்கு 120 மடங்கு. அதற்கு மேல் போனால் மங்கலான படம்தான் பெரிதாகும். அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலரும் உறுதியான முக்காலியும் வாங்கலாம்.

இரண்டாவது அவதி நம் ஊர்க் காற்று. கடலும் ஏரியும் பக்கத்தில். ஈரம் லென்ஸில் படிகிறது, மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. நூல்போலக் கிளைவிட்டுப் பரவும் பூஞ்சை, கண்ணாடிமேல் பூசிய பூச்சையே தின்றுவிடும். கருவியைத் துடைத்துக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது தினசரிக் கடமை. தை, மாசி விடியலில் பொன்னேரிப் பக்கம் ரயிலையே மெதுவாகப் போகவைக்கிற மூடுபனி. போகி நாளில் டயர் புகை. ஆண்டு முழுக்க உலைப் புகையும் சாலைத் தூசியும்.

மூன்றாவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆண்ட்ரோமெடா முன்னிரவில் தலைக்கு மேல் வருவதும், லியோனிட் எரிமீன்கள் பொழிவதும் அந்த மாதங்களில்தான். 2024-இல் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் வந்தது. அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில் இருந்தது. அதையடுத்த மாலைகளில் மேற்கு வானில் நீண்ட வாலோடு அதைப் பார்க்கலாம் என்று உலகமே காத்திருந்தது. நமக்கோ அந்த வாரத்தில்தான் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்குக் கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை. பல ஆயிரம் ஆண்டுகளில் திரும்பாத விருந்தாளி மேகத்துக்கு அப்பால் வந்து போனது.

நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது, வெளிச்சம். நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். தெற்கே சென்னை, மணலி, எண்ணூர். தென்கிழக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். வடக்கே ஸ்ரீசிட்டித் தொழிற்பகுதி. நான் பெருமையாகச் சொன்ன தென்சிலுவையும் ஒமேகா சென்டாரியும் எழும்புவது சென்னையின் ஒளி மூட்டத்தில். துருவ நட்சத்திரம் நிற்பது ஸ்ரீசிட்டியின் ஒளியில். ஊருக்குள் ஹைமாஸ்ட் விளக்குகள் கண்ணை நேராகக் கூசவைக்கின்றன. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு லாரியின் ஹெட்லைட் அதை ஒரு நொடியில் அழித்துவிடும்.

வார்தா புயல் உங்கள் நினைவில் இருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்தது. வடசென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் மின்சாரம் இன்றித் தவித்தன. நகரமே விளக்கணைத்த இரவுகள் ஒரு வான்நோக்கருக்கு வாழ்நாளில் எத்தனை முறை கிடைக்கும்? ஆனால் டிசம்பர் 14 பௌர்ணமி. அந்த ஆண்டின் ஜெமினிட் எரிமீன் பொழிவின் உச்சமும் அதே நாளில். நிலவொளி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது.

இந்த ஏமாற்றங்களுக்கு ஒரு மூத்த பங்காளி உண்டு, தமிழ் மண்ணிலேயே. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல். 1761 ஜூன் 6 அன்று சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக 1760-இல் பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போய்விட்டது. ஆடும் கப்பலின் மேல்தளத்திலிருந்து வெள்ளியைப் பார்த்தார், ஆனால் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769-இல். எட்டு ஆண்டு ஊர் திரும்பாமலே காத்திருந்தார். புதுச்சேரிக்குத் திரும்பி வந்து நோக்ககம் கட்டினார். ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்தில், மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் வந்தது. 1771-இல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே முடிவுகட்டியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடமும் போயிருந்தது.

இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்த மாட்டேன். காத்திருந்த காலத்தில் லெ ஜாந்தீல் புதுச்சேரித் தமிழ்க் கணியர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்குத் தமிழ்க் கணிப்பு தந்த கால அளவு உண்மையைவிட 41 வினாடிதான் குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் பெருமதிப்புக்குரிய டோபியாஸ் மேயர் அட்டவணையோ 68 வினாடி கூடுதலாகத் தந்தது. இதைப் பதிவு செய்தவர் லெ ஜாந்தீலே. வெள்ளியைத் தவறவிட்டவர், தமிழரின் கணக்குத் திறனுக்கு உலகறிந்த சாட்சியத்தை விட்டுப் போனார். மேகம் ஒரு நிகழ்வைப் பறிக்கலாம். காத்திருக்கிற நாட்களை என்ன செய்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இனி நான் மிகவும் மதிக்கிற ஒரு மனிதர். ராதா கோபிந்த சந்திரா. வங்காளத்தில் ஜெசோர் என்ற ஊரின் கருவூலத்தில் எழுத்தர். பெரிய படிப்போ பட்டமோ கிடையாது. பகலில் அலுவலகம், இரவில் மூன்று அங்குலத் தொலைநோக்கி. 1918-இல் கழுகு விண்மீன் குழுவில் புதிதாக வெடித்துப் பிரகாசித்த நோவாவைக் கண்டு பதிவு செய்தார். ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற விண்மீன்களை இரவுதோறும் பார்த்து, அவற்றின் ஒளியளவைக் குறித்து, அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். அனுப்பிய பதிவுகள் 37,000-க்கும் மேல். அந்தச் சங்கம் 1926-இல் அவருக்கென்று ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பி வைத்தது. வங்காள மழையும் புழுக்கமும் நம் ஊருக்குக் குறைந்தவை அல்ல. அவருக்கும் மேகம் மூடியது. மேகம் இல்லாத இரவை அவர் வீணாக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொலைநோக்கி பின்னாளில் வானியலாளர் வேணு பாப்பு அவர்களிடம் வந்து, நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் நோக்ககத்தைச் சேர்ந்தது. காவலூருக்கு இன்னொரு வேரும் உண்டு. 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி, எழும்பூரில் தம் சொந்த ஆர்வத்தால் ஒரு நோக்ககம் வைத்தார். அவருடைய கருவிகளே 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை நோக்ககத்துக்கு அடிப்படையாயின. அங்கே பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல், சென்னை வானில் 14 டிகிரி உயரத்தைக்கூட எட்டாத ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அந்த மரபு 1899-இல் கொடைக்கானலுக்கும், பிறகு காவலூருக்கும் போனது. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது காவலூரிலும் அந்த நிகழ்வு பதிவானது. இத்தனைக்கும் வேரில் இருப்பவர்கள் இரண்டு ஆர்வலர்கள், ஓர் அதிகாரியும் ஓர் எழுத்தரும். ஆர்வலரின் வேலை விளையாட்டு, விஞ்ஞானியின் வேலைதான் வேலை என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

அது பழைய கதை, இன்று பெரிய கருவிகள் இருக்கும்போது வெறுங்கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2019-இன் இறுதியில் நடந்ததைச் சொல்கிறேன். திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கியது. நம் மாவட்டத்துத் திருவாலங்காட்டில், நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபையில், 2020 ஜனவரி 10 அன்று ஆருத்ரா தரிசனம். அந்த நாளில் திருவாதிரை வழக்கமான ஒளியை இழந்து ரோகிணியைவிட மங்கலாக இருந்தது. பிப்ரவரி நடுவில் மிகவும் குறைந்து, பிறகு மெல்ல மீண்டது. நட்சத்திரம் தன்னிலிருந்து வீசிய பொருள் குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்தது என்று பின்னர் பெரிய தொலைநோக்கிகள் காட்டின. ஆனால் அந்த மங்கலை இரவுதோறும் அளந்தவர்களில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் இருந்தார்கள். திருவாதிரை மிகப் பிரகாசமானது என்பதால் பெரிய தொலைநோக்கிகள் அதை அளக்கத் திணறும். வெறுங்கண்ணோ அதற்கு மிகப் பொருத்தமான கருவி. ரோகிணியோடு ஒப்பிட்டுப் பார்த்து, எது கூடுதல் ஒளி, எவ்வளவு கூடுதல் என்று எழுதினால் போதும். இதை நம் ஊர் வெளிச்சத்திலும் செய்யலாம்.

எனவே தொடங்க நினைப்பவருக்கு மூன்று சொல்கிறேன். முதலில் ஒரு நோட்டுப்புத்தகம். தேதி, நேரம், வானத்தின் நிலை, பார்த்தது, பார்க்க முடியாமல் போனது, எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டாவது, இருட்டான இடம். நமக்குக் கிழக்குதான் கொடை. சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரிக்கரையில் நின்றால் எதிரே நீரும் வானமும் மட்டும். தனியாகப் போகாமல் சேர்ந்து போங்கள், ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்றாவது, சூரியனை ஒருபோதும் நேராகத் தொலைநோக்கியில் பார்க்காதீர்கள். உரிய சூரிய வடிகட்டி முன்வாயில் இல்லாமல் பார்த்தால் பார்வை போய்விடும்.

வெளிச்சத்தைப் பற்றி நாம் ஊராகச் சேர்ந்து பேச வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. இரவில் வேலை முடிந்து நடந்துவரும் பெண்ணுக்குச் சாலையில் வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம் சாலையில் விழட்டும், வானத்தில் எதற்கு? மேல்பக்கம் மூடிய கூண்டு, கீழ்நோக்கிய கோணம், நீல வெள்ளைக்குப் பதில் மஞ்சள் சாயல், ஆளில்லாத முற்றத்தில் டைமர். இவ்வளவே போதும். கண்கூச்சம் குறைந்து சாலை இன்னும் தெளிவாகத் தெரியும், மின்கட்டணமும் குறையும். நம் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் விளக்கொளியைக் கடல் என்று நம்பிக் கரைப்பக்கம் ஊர்ந்து சாவதும் குறையும். லடாக்கின் ஹன்லே 2022-இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தொழில் நகரம் ஹன்லே ஆக முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆலையும் தன் வளாக விளக்குகளைத் தாழ்த்தினால், தென்சிலுவை நமக்குத் திரும்பக் கிடைக்கும்.

கடைசியாக, இந்த ஊருக்கே உரிய ஒரு பலத்தைச் சொல்கிறேன். வான்நோக்கில் பெரும்பாலோர் தோற்பது நள்ளிரவுக்குப் பிறகுதான். எரிமீன்கள் அதிகம் விழுவது அதிகாலையில், வால்நட்சத்திரங்கள் பல விடியலில் தலைகாட்டுகின்றன. நான் சொன்ன சூச்சின்ஷான்-அட்லஸ்கூட அக்டோபர் மழைக்கு முன்பே, 2024 செப்டம்பர் இறுதியில் விடியல் கிழக்கில் தெரிந்தது. மாலைக்காகக் காத்திருந்தவர்கள் இழந்தார்கள், விடியலில் எழுந்தவர்கள் படமே எடுத்தார்கள். மற்ற ஊர்கள் அந்த நேரத்தில் தூங்குகின்றன. மூன்று ஷிப்ட் ஓடுகிற கும்மிடிப்பூண்டியில் எந்த மணி நேரத்திலும் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார். இரண்டாம் ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வெளியே வருபவர் முன்னிரவைப் பார்க்கலாம். நைட் ஷிப்ட்காரர் டீ இடைவேளையில் நடுவானைப் பார்க்கலாம். காலை ஷிப்ட்டுக்கு வருபவர் விடியல் கிழக்கைப் பார்க்கலாம். மூவரின் குறிப்பும் நூலகத்தில் வைத்த ஒரே நோட்டுப்புத்தகத்தில் சேர்ந்தால், இரவு முழுவதையும் கவனிக்கிற ஊர் இது ஆகிவிடும். பணம் கொடுத்து வாங்க முடியாத ஏற்பாடு அது.

நாட்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக, முழுச் சந்திர கிரகணத்தின் நடுப்பகுதி. 2031 மே 21, மதுரை வட்டாரத்தில் வளைய சூரிய கிரகணம். அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த அமாவாசையில் ஏரிக்கரைக்குப் போவோம். வருகிறவர்கள் இன்று வெளியே போகும்போது பெயரும் ஷிப்ட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பைனாகுலர் உள்ளவர்கள் அதையும் குறிப்பிடுங்கள். மழை பெய்தால் அதற்கடுத்த அமாவாசை.